நீல உறைக் கம்பி

கைபேசி கீழே, நுழைவாயில் பெட்டகத்தில்,
கௌனாவின் லைட்டருக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
நூற்றுமுப்பது படி ஏறிய பிறகும்
கை சட்டைப்பையைத் தட்டிப் பார்க்கிறது.

ஏழாம் குதிர். கான்கிரீட்.
தலையிலிருந்து பார்த்தால்
பால் விட்ட தேநீர் நிறத்தில் பரானா நதி,
அதில் சோயாவுக்குக் காத்திருக்கும் கப்பல்.
மணிக்கு எத்தனை டாலர் நஷ்டம் என்று
வாக்கிடாக்கியில் ஒரெல்லானோ கத்துகிறான்.
இந்த வாக்கிடாக்கிக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு.
அவன் வாய்க்கு இல்லை.

தூசிதான் இங்கே எல்லாம்.
கைப்பிடியில், இமைமுடியில்,
மதியம் குடிக்கும் மாத்தே குடுவையின் விளிம்பில்.
படுத்துக் கிடக்கும்வரை மாவு.
எழுந்து காற்றில் நின்றால்
வெடிமருந்து.

நேற்றிரவிலிருந்து மட்டம் காட்டும் கருவி
பொய் சொல்கிறது.
நிறைந்த குதிரைக் காலி என்கிறது.
கருவியில் கோளாறில்லை. கம்பியிலும் இல்லை.
கட்டுப்பாட்டு அறையில், சீட்டுக்கட்டு அளவில்
ஒரு தடுப்பான். அதன் உள்ளே உருகி போயிருக்கிறது.
மாற்று ரொசாரியோவிலிருந்து வரவேண்டும்.

"அதைக் கழற்றிவிட்டு நேரே இணை, ஸபெல்லி.
இருபத்துநாலு வோல்ட்தானே!
என் மகளின் பொம்மை ரயில்கூட இதைவிடச் சூடாகும்."

இருபத்துநாலுதான், கௌனா.
நல்ல நாளில்.
அந்த அறையில் ஓர் எலி
இருநூற்றிருபதையும் இதையும்
ஒரே கடியில் சேர்த்துவைக்கிற நாளில்?

தடுப்பான் செய்வது அதிகமில்லை.
சேதியைப் போகவிடும்.
சேதியைத் தொற்றிக்கொண்டு வரும் ஆத்திரத்தை
மண்ணுக்குத் திருப்பிவிடும்.
முடியாதபோது தான் செத்து வழியை அடைக்கும்.
நேற்று எதற்காகச் செத்ததென்று
இன்னும் தெரியவில்லை.

இந்த நீலக் கம்பி நூற்றெண்பது மீட்டர்.
ஓடும் நீளம் முழுக்கக்
கொஞ்சம் கொஞ்சமாகத் தானும் சேர்த்துவைக்கும்.
அதையும் கணக்கில் எழுதவேண்டும்.
பதினோரு வருடம் நான் மனைவியாக இருந்தேன்.
அங்கே யாரும் எழுதவில்லை.

பொறிக்குப் பொறி வைப்பதுதான் பிழைப்பு எனக்கு.
"இணைக்கமாட்டேன்" என்றேன்.
ஒரெல்லானோ என் பெயரை முழுசாகச் சொன்னான்,
நடுப்பெயரையும் சேர்த்து.

பட்டையை நிறுத்தினோம். உருளை ஓய்ந்தது.
தூசி இறங்கட்டும் என்று
ஒரு மணிநேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.
பிறகு மூடியைத் திறந்து
பருத்திக் கயிற்றில் பித்தளைக் குண்டை இறக்கினோம்,
கௌனா ஒரு கை, நான் ஒரு கை.
குண்டு தானியத்தில் அமர்ந்ததும்
கயிறு தளர்ந்ததை
இருவரும் ஒரே நேரத்தில் உணர்ந்தோம்.
முடிச்சுகளை எண்ணினால், எழுபது சதவீதம்.

மூன்று நாற்பதுக்கு மோட்டார் சைக்கிளில் வந்தது தடுப்பான்,
ஒரு பையனின் முதுகுப்பையில்,
சாண்ட்விச் பொட்டலத்தோடு ஒட்டிக்கொண்டு.
மின்சாரத்தை நிறுத்தினேன்.
நிலத்தொடுப்பை அளந்தேன்: புள்ளி ஆறு ஓம்.
ஒன்றுக்குள் இருக்கவேண்டும், இருந்தது.
திருகை முறுக்கினேன். மின்சாரம் கொடுத்தேன்.
திரையில் எண் தயங்கி, ஏறி, நின்றது.
எழுபத்தொன்று.

"கயிறு ஒன்று குறைத்துச் சொல்லிவிட்டது" என்றான் கௌனா,
கயிற்றுக்காக வருத்தப்படுகிறவன்போல.

பதிவேட்டில் தாமதம் என்ற கட்டத்தில் ஆறு மணிநேரம்.
காரணம் என்ற கட்டத்தில் என் பெயர்,
ஒரெல்லானோவின் கையெழுத்தில்.
விபத்து என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.
அதை மட்டும் நான் போட்டேன்.

வாயிலில் பெட்டகத்தைத் திறந்து
கௌனா லைட்டரை எடுத்துக்கொண்டான்.
வேலியைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி,
ஆற்றங்கரைவரை பேசாமல் நடந்தோம்.
சிகரெட்டை உதட்டில் வைத்துக் கையைக் குவித்தான்.
முதல் சொடுக்கில் பற்றவில்லை.
இரண்டாவதிலும்.
மூன்றாவதில் எழுந்த அந்தச் சின்னதை
இருவரும்
தேவைக்கு மேல் கொஞ்சநேரம்
பார்த்துக்கொண்டு நின்றோம்.